மாமா பிடித்துவைத்த கடல்தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்கா டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட கோப்புகள் வரும் பிரிவு. கடிதங்களுக்கு எண் போடுவது, டைப் அடிப்பது, கவுண்டருக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வருடம் முழுக்க நான் தும்முவதாக இருந்தாலும் யோசித்துத்தான் தும்மினேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, செலண்டார் பக்க ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்றபோது மற்றவர்கள் ஃபேக்டரி வேலைக்கும் லாரி வேலைக்கும் கலைந்து போனார்கள். மாமா மட்டும் அத்தையைக் கூட்டிக்கொண்டு கடலோரக் கம்போங் கிராமம் ஒன்றுக்குக் குடிபோனார். மாமா ‘அபாங்’ (அண்ணன்) என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் அவருக்குத் தள்ளுவலை பழக்கினார். இரண்டு கழிகளுக்கு நடுவே கட்டிய வலையை இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டே நடந்தால் கூனி இறால் சேரும். அத்தை அதை உப்பும் சோறும் சேர்த்துப் புளிக்கவைத்துப் போத்தலில் அடைப்பார். சிஞ்சாலோக் என்ற அந்த இறால் ஊறலை மாமா டவுன் பாசாரில் விற்பார். ஐம்பதை நெருங்கும் வயதில், நீச்சல் தெரியாத மனுஷன், கடலில் பிழைக்கக் கற்றுக்கொண்டார். எனக்கு அவரைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தக் கரைக்கு நேரே, கடலுக்குள், எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்க ஒரு மிதவை வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மிதவையிலிருந்து கரையில் இருக்கும் தொட்டிகளுக்குக் கடலடியில் குழாய் பதிப்பார்கள். கம்போங் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் யாரோ விவரம் தெரிந்தவர், “முதலில் அதிகாரிகள் வந்து தண்ணீரைச் சோதித்து ரிப்போர்ட் எழுதுவார்கள். அதை எல்லாரும் பார்க்க வைப்பார்கள். பிடிக்காவிட்டால் எழுதிக் கொடுக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். மாமா அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் ஒரு தடவை, மாமா பாலில் தண்ணீர் கலந்துவிட்டதாகக் கணக்கு எழுதும் கிராணி குற்றம் சாட்டினார். பால் ஸ்டோரில் ஒவ்வொருவர் பாலிலிருந்தும் சின்னப் போத்தலில் மாதிரி எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் போத்தல்தான் மாமாவைக் காப்பாற்றியது. கிராணியே வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து மாமாவுக்கு மனிதர்களைவிடப் போத்தல்மேல் நம்பிக்கை அதிகம்.

ஆகவே அவர் கடல்தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார். வாரம் தவறாமல், அதே இடத்தில், சிஞ்சாலோக் போத்தலில். காகிதத் துண்டில் தேதியும், தண்ணீர் ஏற்றமா வற்றமா என்பதும் எழுதி ஒட்டுவார். சனிக்கிழமை எங்களுக்கு அரைநாள் வேலை; பாசார் முடிந்ததும் பிடித்ததை அலுவலகத்துக்கே கொண்டுவந்து எனக்குக் காட்டுவார்.

“டெஸ்ட் பண்ண வர்றவன் ‘முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு’ன்னு சொல்லக்கூடாது பாரு. நம்ம கையில மாதிரி இருக்கணும்லா.”

நான் சிரிப்பேன். அவருடைய ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. குழாய் பதிக்கப்போகிறவர்கள் எழுதியிருந்தார்கள். இத்தனை நீளத்துக்கு மேல் போகும் கடலடிக் குழாய்களுக்குத்தான் ரிப்போர்ட் தேவை என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. இவர்களுடையது அதற்குக் குறைவு. எனவே ரிப்போர்ட் தேவையில்லை என்று உறுதிப்படுத்தக் கேட்டிருந்தார்கள். உறுதிப்படுத்தும் பதிலை நான்தான் டைப் அடித்தேன். மொத்தம் நான்கு வரி. பக்கத்தில் இருந்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

எங்கள் தலைமைக் குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர், கோபப்படாத மனிதர். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அங்கே இருக்கிறவர்கள் எதிர்ப்பு எழுதிக் கொடுக்கலாமா என்று.

“பிள்ளை, அறிக்கைக்குத்தான் எதிர்ப்பு எழுதலாம். அறிக்கையே இல்லையெண்டால் எதுக்கு எழுதுறது? வந்தாலும் எந்த நம்பரிலே ஃபைல் பண்ணுவீர்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இங்கத்தைய விசயம் வெளியிலே கதைக்கக்கூடாது, தெரியும்தானே?” என்றார்.

தெரியும். வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாமா வந்தார். பையில் ஒரு புதுப் போத்தல். முகத்தில் வழக்கமான தெளிவு இல்லை.

“பக்கத்து வீட்டு அபாங் இந்தக் கரையே வேணாம்னு தெற்கால போறாரு. அங்க அவரு சொந்தக்காரங்க வலைபோடுற எடம் இருக்காம். என்னையும் வரச்சொல்றாரு. ஒரு ஆளுக்குத்தான் எடம். இப்பவே சொல்லணுமாம்” என்றார். பிறகு கேட்டார். “ரிப்போர்ட் வரும்லம்மா? வராதுன்னா நானும் அவரோட போயிடுறேன்.”

உண்மை வாய்வரை வந்துவிட்டது. தலைமைக் குமாஸ்தா இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன்.

“தெரியல மாமா” என்றேன்.

“சரி, அப்ப இருந்து பாக்குறேன். இத்தனை மாதிரி எடுத்து வச்சிட்டு இப்பப் போனா நல்லா இருக்காது” என்றார். போகும்போது எனக்குக் கச்சான் கடலைப் பொட்டலம் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகள் வந்தன. போத்தல்களும் வந்தன. ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு முறையும் தேதியைப் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கீங்க மாமா” என்பேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

பிறகு மண் தோண்டும் கப்பல் வந்துவிட்டது. தண்ணீர் பால் தேநீர் நிறத்துக்குப் போனது. கூனி இறால் ஒதுங்கிவிட்டது. தெற்கே இருந்த இடத்துக்கு அதற்குள் வேறொருவர் போய்விட்டார். ஒரு திங்கட்கிழமை மாமா இரண்டு கோணிப்பைகளில் எல்லாப் போத்தல்களையும் சுமந்துகொண்டு, பஸ் ஏறி, என் கவுண்டருக்கு வந்து நின்றார்.

“டெஸ்டுக்கு யாரும் வரலம்மா. அதான் நானே கொண்டாந்துட்டேன். வாங்கி வச்சுக்க.”

கோப்பு எண் இல்லாமல் எதையும் வாங்கக்கூடாது. எண் இல்லை. அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார். அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. ரிப்போர்ட் கிடையாது, குழாய் நீளம் குறைவு, சட்டம் கேட்கவில்லை, யாரும் வரமாட்டார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா பைகளைக் கீழே வைத்தார். பிறகு, “ஒனக்கு எப்பத் தெரியும்?” என்றார்.

அந்தக் கோப்பு வந்த செவ்வாய்க்கிழமையின் தேதியைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்துக்கு நேரே இன்னொரு தடவை முடியவில்லை.

அவர் குனிந்து பைகளைப் பிரித்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வொரு போத்தலாக எடுத்துத் தேதி பார்த்தார். அந்தத் தேதிக்கு முன்னால் பிடித்தவற்றைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பின்னால் பிடித்தவற்றை என் கவுண்டரின்மேல் வரிசையாக நிறுத்தினார். கோபமே இல்லை, பால் ஸ்டோரில் வேலை பார்ப்பவர்போல நிதானமாகச் செய்தார். முடித்துவிட்டுப் பைகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “அத்தை ஒன்னய கேட்டதாச் சொல்லச் சொன்னா” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் கூப்பிடவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர், விண்ணப்பம் வைக்க இடம் வேண்டும் என்றார். போத்தல்களை ஓரமாக நகர்த்தினேன்.