துணிப்பை கேட்ட சின்னத்தாய்

"டாக்டரம்மா, அந்தப் பையத் துணியில செஞ்சு தருவாகளா?"

மதுரை ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் படம் வரைந்து விளக்கிய டாக்டர் அருணாதேவியிடம் சின்னத்தாயக்கா முதலில் கேட்டது இதுதான். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அக்காவும் நானும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடி ஆபீஸில் பதினோரு வருஷமாக ஒரே அறையில் உட்கார்ந்து வெடிமருந்து செலுத்துகிறவர்கள். பட்டாசுக் கம்பெனியை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே நூல் சேலை மட்டும்தான் கட்டலாம். நைலான் கூடாது, பாலித்தீன் கூடாது. உரசினால் பொறி வரும். அறை வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். மலம் இறங்குகிற பிளாஸ்டிக் பையை வயிற்றில் ஒட்டிக்கொண்டு அங்கே எப்படிப் போவது? கேன்சர் என்று சொன்னபோதுகூட அக்கா அழவில்லை. பை என்றதும்தான் முகம் செத்துப்போனது.

ரத்தம் போகத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூலச்சூடு என்று நினைத்தோம். நாளெல்லாம் தரையில் உட்காருகிற பொம்பளைகளில் யாருக்கு மூலம் இல்லை? கருணைக்கிழங்கு தின்றாள், மோர் குடித்தாள், மூல வைத்தியர் ஒருத்தரிடம் போய் ஊசியும் போட்டுக்கொண்டாள். சீசன் முடியட்டும் என்று தீபாவளி வரைக்கும் தள்ளினாள். தள்ளச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. புருஷன் காலமாகிவிட்டார், ஒரே மகள் ஓவியா ராஜபாளையத்தில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அதனால் மதுரைக்குக் கூடப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. ஆசைப்பட்டுப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

டாக்டர் பொறுமைசாலி. ஆரம்பத்திலேயே வந்திருந்தால், வயிற்றைத் தொடாமல் ஆசனவாய் வழியாகவே கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் என்றார். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இனி மலக்குடலையே எடுக்க வேண்டும். வயிற்றைக் கீறியும் எடுக்கலாம்; நாலைந்து துளை போட்டு, கேமரா விட்டும் எடுக்கலாம்; சில இடங்களில் ரோபோ வைத்துக்கூடச் செய்கிறார்களாம்.

"தொளையே போடுங்க டாக்டரம்மா." அக்காவுக்கு முகம் தெளிந்துவிட்டது. "சின்னத் தொளைன்னா பை வேண்டாம்ல?"

"வாசல்தாம்மா சின்னது. உள்ள எடுக்கிறது அதேதான். வலி குறையும், சீக்கிரம் எந்திரிச்சு நடப்பீங்க. பை வேணுமா வேண்டாமாங்கிறது கட்டி இருக்கிற இடத்தைப் பொறுத்தது."

கட்டி இருந்த இடம் மோசம். மலத்தை அடக்கிப் பிடிக்கும் தசையை ஒட்டி இருந்தது. முதலில் ஐந்து வாரம் கரண்ட் வைத்து, மாத்திரையும் கொடுப்பார்கள். கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் என்பது. கட்டி சுருங்கி விலகினால் குடலை இணைத்துத் தைத்துவிடலாம், பை சில மாதத்துக்குத்தான். விலகாவிட்டால் ஆசனவாயை மூடிவிட்டு, ஆயுசுக்கும் பைதான்.

ஐந்து வாரமும் பஸ்ஸில் போய் வந்தோம். உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவாள். எனக்குக் கோபம் கோபமாக வரும், யார் மேல் என்று தெரியாது. கட்டி சுருங்கினால் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வயிற்றில் மாவிளக்கு வைப்பதாக நேர்ந்துகொண்டாள். சுருங்கத்தான் செய்தது, ஆனால் தசையை விட்டு விலகவில்லை.

பங்குனியில் ஆபரேஷன். சொன்னபடி துளைதான் போட்டார்கள். மூன்றாம் நாள் வராந்தாவில் நடந்தாள். ஊரில் வந்து பார்த்த பெண்கள் வயிற்றிலிருந்த தழும்புகளைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா ஆபரேசன்?" என்றார்கள். பையைத் துண்டால் மறைத்திருந்தாள். பின்பக்கம் தைத்து மூடியதை யாரிடம் காட்டுவது? ஊருக்கு வரும் முன் டாக்டரிடம் திரும்பவும் கேட்டாள், மேலே நூல் துணியில் உறை போட்டால் பொறி வராமல் இருக்குமா என்று. டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியலையேம்மா" என்றார். அவர் படித்த படிப்பில் எங்கள் ஆபீஸ் எங்கே வரப்போகிறது?

ஏழு வருஷத்துக்கு முன் எங்கள் கீழ வரிசையில் ஓர் அறை வெடித்து நாலு பேர் போனார்கள். அதில் ஒருத்தி நைலான் உள்பாவாடை கட்டியிருந்தாள், அதனால்தான் வெடித்தது என்று பேச்சு கிளம்பியது. உடம்பே மிஞ்சவில்லை, பாவாடை நைலானா நூலா என்று எவன் பார்த்தான்? ஆனாலும் பழி அவள் மேல்தான் நின்றது. அக்காவுக்கு அவள் பக்கத்து வீடு.

தை பிறந்து இரண்டாம் வாரம் அக்கா வேலைக்கு வந்தாள். பழைய சேலையைக் கிழித்து உறை தைத்து, பைக்கு மேல் மாட்டியிருந்தாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். கேட்டில் போர்மேன் தங்கப்பாண்டியன் சேலையை ஒரு பார்வை பார்த்தார். "வாங்கக்கா, நல்லாருக்கீகளா?" என்று உள்ளே விட்டுவிட்டார்.

அறை வாசலுக்கு வந்தோம். அறைக்கு நாலு பேர்; மற்ற இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவே இல்லை.

"ஏ வல்லி, நீ சொல்லு. நான் உள்ள வரட்டுமா?"

ஒரு வருஷம் அவளைத் தாங்கியவள் நான். பையைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டு, அருவருப்பில்லாமல் கழுவி விட்டிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் பிள்ளைகள் இரண்டின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரித்தா" என்றாள். நேரே தங்கப்பாண்டியனிடம் போய், இடுப்பு வலி, கீழே உட்கார முடியவில்லை என்று சொல்லி, கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் காகிதக் குழாய் சுற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே மருந்து கிடையாது. கூலி பாதிதான்.

இப்போதும் ஒரே வேனில்தான் வருகிறோம். மத்தியானம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவளிடம் போய்விடுவேன். குழம்பு மாற்றிக்கொள்வோம், ஓவியாவின் குழந்தை நடப்பதைப் பற்றிப் பேசுவோம். அந்தக் காலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

நான் வா என்று சொல்லியிருந்தாலும் அவள் உள்ளே வந்திருக்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுப் போகத்தான் நின்றாள்.