தொட்டியில் மிதந்த கல்

தொட்டி மேஸ்திரி என்று சொன்னால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். எந்த வேலைக்குப் போனாலும் முதலில் அவர் தேடுவது தண்ணீர்த் தொட்டியை. செங்கல் அதில் ஊறிக் குமிழி விடுவது நின்ற பிறகே கரண்டியைத் தொடுவார். முப்பது வருடத்தில் அவர் எழுப்பிய சுவர் ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. அந்தப் பெருமையையும் சேர்த்துப் பிசைந்துதான் அவர் சோறு தின்பார் என்று, அவருக்குக் கலவை போட்டுக் கொடுக்கும் மனைவி சொல்வாள்.

மனைவியின் தங்கை வீட்டு மாடியறையைத் தடுத்து இரண்டாக்க வேண்டியிருந்தது. பழைய தளம் செங்கல் பாரம் தாங்காது, லேசான கான்கிரீட் கல்தான் வைக்க வேண்டும் என்று என்ஜினியர் சொல்லிவிட்டார். தங்கை புருஷன் லாரி ஓட்டுகிறவன். அந்தக் கல்லில் பழகிய ஆட்களைக் கூட்டிவருகிறேன் என்றான். தங்கையிடம் அதுவரை எதுவும் கேட்டிராத மனைவி, எங்கள் வீட்டுக்காரர் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்தபின் அவரிடம் சொன்னாள்.

"உங்களை நம்பி வாயை விட்டுட்டேன். அந்த வீட்டுல நான் தலை நிமிர்ந்து நடக்கணும்."

அந்த வீட்டு மாடிப்படியில் யாரும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, மேல்தளம் அவ்வளவு தாழ்வு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தங்கை புருஷன் இருபது நாள் சவாரி கிளம்பிய அன்றே கல் வந்தது. ஒவ்வொன்றும் பெட்டி அளவு இருந்தது, ஆனாலும் ஒற்றைக் கையில் தூக்க முடிந்தது. கூடவே ஒரு காகிதம் வந்தது. அதிலிருந்த எழுத்து யாருக்கும் புரியவில்லை. படங்கள் மட்டும் புரிந்தன. தண்ணீர் வாளி ஒன்றின்மேல் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தது.

"தண்ணி ஊத்தக் கூடாதுங்கறானோ?" என்றாள் மனைவி.

கல்லின்மேல் வாளியை வைக்காதே, உடைந்துவிடும் என்று அதற்கு அர்த்தம் என அவர் விளக்கினார். அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வழக்கம்போல் கல்லைத் தொட்டியில் போட்டார். அது மிதந்தது. அழுத்தினார். அந்தப் பக்கம் போய் எழும்பியது. முப்பது வருட அனுபவசாலியின் முகத்துக்கு நேராக ஒரு கல் மிதப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. மூலையில் கிடந்த லாரிச் சக்கரத்தை உருட்டி வந்து அதன்மேல் ஏற்றினார்.

"மாமா, கல்லுக்குக் குளிக்கப் பிடிக்கலை போல," என்றாள் மைத்துனி மாடியிலிருந்து.

மறுநாள் அந்தக் கல்லைத் தூக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. இப்போதுதான் கல் கல்லாக இருக்கிறது என்று அவர் மகிழ்ந்தார். பாரம் ஆகாது என்ற தளத்தின் மேல் ஒரு குளத்தையே ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது தோன்றவில்லை. விரல் கனத்துக்குக் கலவை வைத்து, ஒரே நாளில் கூரைவரை எழுப்பி, ஈரம் காயுமுன்னே பூசியும் முடித்தார்.

பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்தால், பூச்சுக்கு வெளியே நின்றே உள்ளிருக்கும் கற்களை எண்ணிவிடலாம். குடித்த தண்ணீர் காயக் காயக் கல் சுருங்கி, கல்லுக்குக் கல் விரிசல். வெயில், காற்று, பக்கத்துத் தெருவில் போகும் பஸ் என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டுப் பார்த்தார். மனைவி காகிதத்தைப் பிரித்து நீட்டினாள். பெருக்கல் குறி போட்ட வாளிக்குப் பக்கத்தில் ஒரு பிரஷ் இருந்தது. அதற்குச் சரி என்று குறி.

"அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். நீங்கதான் வாளியைப் பத்திப் பாடம் எடுத்தீங்க."

சுவரை அவரே இடித்தார். ஒவ்வொரு அடியும் தன் முதுகில் விழுவது போலிருந்தது. புதுக் கல் வந்தது. இந்தமுறை காகிதத்தின் படத்தில் உள்ளபடி பிரஷ்ஷால் தூசி தட்டி, ஒட்டும் பக்கத்தை மட்டும் லேசாக நனைத்து, கல்லுக்கென்றே விற்கும் பசையை மெலிதாகத் தடவினார். துண்டு வேண்டிய இடத்தில் கல்லை ரம்பத்தால் அறுத்தார். ஒரு நாளைக்கு ஐந்து வரிசைக்கு மேல் ஏறவில்லை. சும்மா இருக்கும் நேரம் அவருக்குக் கை அரித்தது. தொட்டியைக் கழுவி வைத்தார்.

தங்கை புருஷன் வந்து பார்த்தபோது சுவர் வெறுமையாக நின்றது.

"இருபது நாளா என்ன பண்ணீங்க, சகலை? இன்னும் பூசக்கூட இல்லையே."

மனைவி தரையைப் பார்த்தாள். சாமான் வர லேட் என்று ஒரு பொய் அவர் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"மொதல்ல தப்பாக் கட்டிட்டேன், சகலை. நானே இடிச்சு மறுபடி கட்டியிருக்கேன். காய்ஞ்ச பிறகுதான் பூசுவேன்."

அவன் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தான், ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அப்படியானால் சுவர் பலத்தைப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஆணியை அடித்துத் இரும்புச் சட்டம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடியை அதில் மாட்டினான். ஆணி வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கியது. அப்படியே திரும்பியும் வந்தது, கண்ணாடியோடு.

மனைவி இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்தாள்.

"வெறும் ஆணிக்கும் பெருக்கல் குறி போட்டிருக்கான், தம்பி. பாரம் மாட்டணும்னா துளை போட்டு, அதுக்குன்னு இருக்கற பிளாஸ்டிக் பிளக் வெச்சு ஸ்க்ரூவை முடுக்கணும். உங்க சகலைகிட்ட கேளுங்க, சொல்லித் தருவாரு."

கிளம்பும்போது அவர் முன்னால் மாடிப்படியில் இறங்கினார். பின்னால் ணங்கென்று சத்தம் கேட்டது. மேல்தளத்தில் இடித்துக்கொண்டு, நெற்றியைத் தேய்த்தபடி நின்றாள் மனைவி.

"குனிஞ்சு வரக் கூடாதா?"

"இன்னைக்கு முடியாதுங்க," என்றாள்.