மெசினுக்குத் தெளித்த தண்ணீர்

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அக்கரப்பத்தனைப் பக்கம் அப்படியொரு ஸ்டோரில், காய்ந்த தூளைச் சலிக்கும் அறையில் எனக்கு வேலை. அங்கே சிரிக்க முடியாது. வாயைத் திறந்தால் தேயிலைப் பஞ்சு தொண்டைக்குள் போய்க் கால் மணி நேரம் இருமவைக்கும். இலையின் மெல்லிய ரோமம்தான் அந்தப் பஞ்சு. காய்ந்திருந்தால் பறக்கும், கொஞ்சம் ஈரம் பட்டால் பசையாக ஒட்டும். எனக்கோ எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். நாள் முழுக்க அதை அடக்குவதைப் போலத் தண்டனை வேறில்லை.

அதனால்தான் தூசு உறிஞ்சும் மெசின் வேண்டுமென்று தோட்டத்தை நடத்தும் துரையிடமே போய்ச் சண்டை பிடித்தேன். வந்துவிட்டது. தரையோரம் குழாய்கள், அவை போய்ச் சேருமிடத்தில் நீளமான துணிப் பைகள். முதல் நாள் மத்தியானத்துக்குள் பைகள் அடைத்துக்கொண்டன. திறந்து பார்த்தால் உள்ளே தூசு கூழாக அப்பியிருந்தது. அடுத்த இரண்டு நாளும் அதே கதை.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா, எங்கோ மழை ஒழுகுகிறது என்று கூரையில் ஏறி ஓட்டை தேடினார். "சனிக்கிழமைக்குள்ள சரிவரலேன்னா திருப்பி அனுப்பிருவோம்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெசினைச் செய்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வியாழக்கிழமை பஸ் பிந்தியதால் தாமதமாகப் போனேன். என் அண்ணன் மனைவியும் அதே அறையில்தான் வேலை செய்கிறார். அவசரத்தில் அவரே அறையைக் கூட்டியிருந்தார். அன்று பைகள் அடைக்கவே இல்லை.

"நீ வராட்டி மெசினு நல்லா ஓடுது பாரு" என்றார் மதினி.

எனக்குச் சுருக்கென்றது. மதினி தண்ணீர் தெளிக்காமல் கூட்டியிருக்கிறார். நானோ தினமும் காலையில் வாளித் தண்ணீரை அறை முழுக்கத் தெளித்துத்தான் கூட்டுவேன். வாசலைத் தெளிக்காமல் கூட்டி எனக்குப் பழக்கமில்லை. போதாததற்கு, புதிதாக வந்ததாயிற்றே என்று மஞ்சள் கலந்து, குழாய்களின் வாய்க்கு நேராக இரண்டு கை அதிகமாகவே தெளித்திருந்தேன்.

சத்தமில்லாமல் தெளிப்பதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை காலை, அந்தப் பாசி பிடித்த கூரையில் டீமேக்கர் ஐயா மறுபடி ஏணியைச் சாய்த்தபோது மனசு கேட்கவில்லை.

"ஐயா, கூரையில ஒண்ணுமில்லைங்க. நான்தான் தண்ணி தெளிச்சேன்."

ஏணியில் பாதி ஏறியவர் திரும்பினார். "எங்கம்மா?"

"மெசினுக்கு முன்னாலங்க."

"எதுக்கு?"

"புதுசா வந்திருக்குல்லங்க."

அவர் இறங்கி ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். மெசின் போனாலும் போகட்டும், இந்த மனுசன் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்றிருந்தது.

வெள்ளியும் சனியும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் டீமேக்கர் ஐயா பையைக் கழற்றித் தட்டினார். தூசு மாவாக, பொலபொலவென்று கொட்டியது.

"இருக்கட்டும், அனுப்ப வேணாம்" என்றார். பிறகு பைத் துணியிலிருந்த மஞ்சள் கறையைக் காட்டி, "மஞ்சளும் போட்டியாம்மா?" என்றார்.

"கொஞ்சந்தாங்க" என்றேன்.

முதலில் மதினிதான் வெடித்துச் சிரித்தார். பிறகு அறையிலிருந்த அத்தனை பெண்களும், கடைசியில் ஐயாவும். என் சந்தோஷத்துக்கு அளவில்லை. வாயை அகலத் திறந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும், பழக்கத்தில் எல்லோரும் முந்தானையை வாயருகே கொண்டுபோய் இருமலுக்காகக் காத்திருந்தோம். ஒருத்திக்கும் வரவில்லை.