சியோம்புவா போட்ட பெருக்கல் குறி

சியோம்புவா உலகத்தை அழித்தது என் டீக்கடை வாசலில் உட்கார்ந்துதான். நைரோபியில் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் சந்தில், பெண்களுக்குத் தலை பின்னிவிடுவது அவள் தொழில். கிட்டுய் என்ற ஊர்ப் பக்கத்துக்காரி, கல்யாணம் ஆகாதவள், வாய் ஓயாதவள். கைபேசியை வைத்துக்கொண்டு படம் எடுக்கும் பிள்ளைகள் சிலர் சந்தில் இருந்தார்கள். அவர்களுக்குக் கதை கட்டித் தருபவளும் இவள்தான். இந்த முறை மழை அடியோடு நின்று, நகரம் செத்து, மிச்சம் இருக்கிற கொஞ்சம் பேர் பிழைத்துக் கிடக்கிற கதை.

"துப்பாக்கி, எரியிற காரு, ஒண்ணும் வேண்டாம். பாக்கறவன் இது நம்ம சந்துதான்னு நம்பணும். அப்பதான் அவனுக்குப் பயம் வரும்" என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அதற்காகத் தலை பின்ன வந்தவர்களையெல்லாம் கேள்வி கேட்டே கொன்றாள். முடி அவள் கையில் இருக்கும்போது யார் எழுந்து ஓட முடியும்? உப்பு தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? அடுப்புக்கரி விற்கிறவன் ராஜா ஆவானா, முதல் அடி வாங்குவானா? பஸ்ஸே ஓடாத உலகத்தில் செத்தவர்களைச் சொந்த ஊர் மண்ணுக்கு எப்படிக் கொண்டுபோவது? இதைக் கேட்டு ஒருத்தி பாதிப் பின்னலோடு அழுதுவிட்டாள். ஆனால் ஓடும்போது எதை முதலில் எடுப்பீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கூரைத் தகரம்.

தகரம் இருந்தால் வேறு எங்கேயாவது நாலு கம்பை நட்டு வீடு கட்டிக்கொள்ளலாம். புல்டோசர் ஏறி நசுக்கிய தகரம் எதற்கும் ஆகாது. அதனால் அரசாங்கம் இடிக்கப்போகிற வீட்டுச் சுவரில் சிவப்பாகப் பெருக்கல் குறி விழுந்த உடனே, வண்டி வருவதற்குள் எங்கள் கூரையை நாங்களே கழற்றிவிடுவோம். இந்தச் சந்துக்கு வருவதற்கு முன் இரண்டு இடங்களில் நானே கழற்றியிருக்கிறேன்.

சியோம்புவா தன் கதைக்கு அந்தக் குறியை எடுத்துக்கொண்டாள். அவளுடைய செத்த நகரத்தில், ஆள் இல்லாமல்போன வீடுகளுக்கெல்லாம் சிவப்புக் குறி.

"வெறும் குறி போட்டா பத்தாதுக்கா. பக்கத்துல ஒரு நம்பரு, நம்பருக்குக் கீழ ஒரு கோடு. எங்கம்மா வீட்டுல அப்படித்தான் போட்டாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"இருக்கும் இருக்கும். வேற நல்லது ஒண்ணும் உனக்கு ஞாபகம் இருக்காதே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. சனிக்கிழமை காலையில், ஆட்கள் வேலைக்குப் போன பிறகு, சிவப்புப் பெயிண்டோடு இறங்கினாள். யார் யார் சுவரில் போடப்போகிறாளோ அவர்களிடமெல்லாம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். போட ஆரம்பித்ததும் ஆசை யாரை விட்டது? வரிசையில் நடுவே ஒரு வீடு குறி இல்லாமல் நின்றால் நம்பும்படி இல்லை என்று, பூட்டிக் கிடந்த மகோகாவின் வீட்டிலும் போட்டுவிட்டாள். மகோகா தச்சன். அவன் மனைவி நஃபுலா பிள்ளை பெற ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

மத்தியானம் அவர்கள் வந்துவிட்டார்கள். நஃபுலா கையில் துணி சுற்றிய பெண் குழந்தை. மகோகா சுவரைப் பார்த்தான். மனைவியை என் கடைப் பெஞ்சில் உட்கார வைத்தான், சுத்தியலை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக் கூரையில் ஏறிவிட்டான்.

நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடினேன். "தம்பி, இறங்குப்பா! அது படத்துக்குப் போட்டது!"

"படத்துக்கா? நம்பர் போட்டிருக்கான், கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

ஆணி பிடுங்கும் சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தத்தை எங்கள் ஆட்கள் தூக்கத்தில்கூட மறக்க மாட்டார்கள். வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவர்கள் வந்த வேகத்தில் கூரையில் ஏறினார்கள். சியோம்புவா கேட்டதற்குச் சரி என்று தலையாட்டியவர்களும் ஏறினார்கள், அதுதான் கொடுமை.

"உன் வீட்டுல அவ போட்டதுன்னு உனக்குத் தெரியுமே, அப்புறம் எதுக்குய்யா பிடுங்கறே?" என்று ஒருவனைப் பிடித்து உலுக்கினேன்.

"என் வீட்டுல அவ போட்டா. மகோகா வீட்டுல யாரு போட்டா? அவன்கிட்ட யாரும் கேக்கலையாமே! அப்ப அது நிஜம்தானே?"

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை அவள் கதையில்தான் நின்றிருந்தது, எங்கள் தலைக்கு மேல் இல்லை. என் கடைக்கூரையாக இருந்த பிளாஸ்டிக் தாளில் ஆயிரம் ஓட்டை. அதன் கீழே பிறந்த ஈரம் காயாத குழந்தை. நனைந்தால் அது தாங்காது.

சியோம்புவா சந்தின் நடுவில் நின்று கத்தினாள். "நான்தான் போட்டேன்! எல்லாத்தையும் நான்தான் போட்டேன்! மகோகா அண்ணே, கேக்காம போட்டது தப்புதான், மன்னிச்சிரு! தகரத்தைக் கழட்டாதே!"

"இடிக்க வர்றவங்க எவ்வளவு குடுத்தாங்கடி உனக்கு?" என்று கூரைமேலிருந்து ஒருத்தி கேட்டாள். "நாங்க சும்மா உக்காந்திருக்கணும், வண்டி வந்து தகரத்தோட நசுக்கணும், அதானே?"

அதைக் கேட்டு நாலைந்து பேர் கீழே குதித்தார்கள். ஒருவன் கையில் ஆணி அடித்த கம்பு. கூட்டம் ஒருமுறை அடிக்க ஆரம்பித்தால் நடுவில் நிற்காது, எங்களுக்கெல்லாம் தெரியும். நான் அவள் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்தேன். அவள் உதறிவிட்டுப் பெயிண்ட் டப்பாவை எடுத்தாள். அடிபடப்போகிறவள் ஓடும் திசையில் ஓடாமல், சந்து முனைக்கு ஓடினாள்.

சந்து முனையில் சீஃப் ஆபீஸ். எங்கள் பகுதிக்கு அரசாங்கம் வைத்த அதிகாரி சீஃப். அவர் அங்கே உட்கார்ந்திருந்தார், வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். துரத்திக்கொண்டு போன கூட்டம் போலீசைப் பார்த்து நின்றது. சியோம்புவா நிற்கவில்லை. வெள்ளையடித்த அரசாங்கச் சுவரில், எல்லோரும் பார்க்க, ஆள் உயரத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டாள். பக்கத்தில் நம்பர். நம்பருக்குக் கீழே கோடு.

"பாருங்க! அரசாங்கம் தன் ஆபீசையே இடிக்குமா? அதே கை, அதே பெயிண்டு! இன்னும் எங்க போடணும், சொல்லுங்க!"

போலீஸ்காரன் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியபோதும், கூட்டத்தின் பின்னால் ஓடி வந்திருந்த மகோகாவைத்தான் அவள் பார்த்தாள். அவன் கிட்டே வந்து அந்தக் குறியை உற்றுப் பார்த்தான். கோடு முடிகிற இடத்தில் தூரிகை வழுக்கி, அவன் வீட்டில் இழுத்த மாதிரியே இழுத்திருந்தது.

"தகரத்தை மேல ஏத்துங்கடா!" என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடினான்.

முதல் தூறல் விழும்போது நாலு பேர் மகோகாவின் கூரைமேல் இருந்தார்கள். கம்போடு வந்தவன் அதில் ஒருவன். கடைசித் தகரத்துக்கு ஆணி அடிக்கும்போது மழை கொட்டியது. உள்ளே குழந்தை நனையவில்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமென்ன அதில்?

சியோம்புவாவை லாக்கப்பில் வைத்தார்கள். அங்கே நன்றாக அடித்திருக்கிறார்கள், முகம் வீங்கிப்போயிருந்தது. சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்தால் விடுகிறேன் என்றார் சீஃப். சந்தே போய் வெள்ளையடித்தது. திட்டிக்கொண்டேதான் அடித்தார்கள்.

வெளியே வந்தவள் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். டீயைக் கொடுத்தேன். உதடு கிழிந்திருந்ததால் ஊதி ஊதிக் குடித்தாள். மகோகா வந்து எதிரே உட்கார்ந்தான்.

"உன் உலகத்துல எல்லாம் அழிஞ்ச பிறகு" என்றான், "என் பொண்ணு எங்க தூங்கும்?"

"உன் வீட்டுலதான் அண்ணே. கதையை மாத்திட்டேன். எல்லா விதமான ஆளுங்களையும் கொஞ்சம் கொஞ்சம் பிழைக்க வச்சிருக்கேன். சுவத்துல குறி போடறவன்ல மட்டும் ஒருத்தனையும் பிழைக்க விடல."

இப்படி ஓர் உலகத்தை யாருமே நம்ப மாட்டார்கள் என்று படம் எடுக்கும் பிள்ளைகள் இன்னும் அவளோடு சண்டை போடுகிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும்.