மைக்கில் வாசித்த பெயர்

எங்கள் பள்ளியில் கவுன்சிலிங்குக்கு உரிய பிள்ளைகளைக் காலைக் கூட்டத்தில் மைக்கில்தான் கூப்பிடுவார்கள். செய்தி வாசித்து முடிந்ததும், "இன்னிக்கு கவுன்சிலிங் போற பொண்ணுங்க" என்று பெயர்கள் வரும். வரிசையில் சிரிப்பு ஓடும். பெரம்பலூர்ப் பக்கம் அந்த அரசுப் பெண்கள் பள்ளிக்கு ஆலோசகராகப் போன புதிதிலேயே இது வேண்டாம் என்றேன். "எப்பவும் அப்படித்தாங்க" என்றார்கள். எரிச்சலாக இருந்தது.

பதினோராம் வகுப்பில் ஒருத்தி. அவள் அப்பா அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டியவர். சமீபத்தில்தான் விபத்தில் இறந்திருந்தார். பாட நேரத்தில் தூங்கி விழுகிறாள் என்று அவள் பெயரையும் வாசித்தார்கள். என் அறைக்கு அவள் வரவில்லை. மறுநாள் முதல் பள்ளிக்கே வரவில்லை.

சனிக்கிழமை அவள் ஊரான அரும்பாவூருக்கு பஸ் ஏறினேன். "டவுன்ல துணிக்கடையில சேத்துவிடப் போறேங்க" என்றார் அவள் அம்மா. மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது லூசு ரூமாம் மிஸ். எல்லாரும் சொல்றாங்க. நான் என்ன பைத்தியமா?"

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, அவள் மேல் அல்ல. "ஒரு வாரம் பொறுங்கம்மா, அப்பறம் உங்க இஷ்டம்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டு அவகாசம் வாங்கினேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை முன்னால் போய் நின்றேன். "கவுன்சிலிங்குக்கு மொதல்ல நீங்க வரணும் மேடம். மைக்ல சொல்லிட்டு வரணும்."

"நான் எதுக்குங்க? எனக்கென்ன பைத்தியமா?"

"அதையேதான் மேடம் அந்தப் பொண்ணும் கேட்டுச்சு."

வேலைக்கு வேட்டு என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். போனால் போகட்டும், விடுவதாக இல்லை.

மறுநாள் காலை அவரே மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு கவுன்சிலிங்குக்கு நான் போறேன். நாளையிலேருந்து எல்லாரும் போகணும், நல்லா படிக்கிறவங்களும்தான். இனிமே யார் பேரையும் இதுல வாசிக்க மாட்டோம்." மைதானம் முழுக்கப் பார்க்க, நடந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார். மூட்டுவலியைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசினார். நிறையவே பேசினார்.

சேதி தோழிகள் வழியாக அரும்பாவூருக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அவள் சீருடையில் வந்து கதவருகே நின்றாள். உட்காரச் சொன்னேன். வெகு நேரம் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா அன்னிக்கு அப்பா போன் பண்ணாரு மிஸ். கோவத்துல நான் எடுக்கல. வூட்ல யாருக்கும் தெரியாது."

எழுந்து கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி அடித்தது. நாங்கள் எழவில்லை.