சிவப்பாக மாறிய ஆசனங்கள்

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன வாரத்தில்தான் எங்களுக்கு டேட்டாபேஸ் பாடம் தொடங்கியது.

மட்டக்களப்பு டவுனில் இருந்த ஒரு கல்லூரியில் கம்பியூட்டர் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு நாங்கள் செய்த வலைப்பக்கங்கள் எல்லாம் சும்மா கிடப்பவை. எழுதியது எழுதியபடி இருக்கும். யார் வந்து பார்த்தாலும் ஒரே முகத்தைக் காட்டும். இனிமேல் செய்யப்போவது அப்படியல்ல என்றார் எங்களுக்குப் படிப்பித்த சேர். அவர் காத்தான்குடிக்காரர், எங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர்.

"பாக்கிற ஆள் ஒண்டு கேட்டா, பக்கம் பதில் சொல்லணும். ஆளுக்கு ஆள் பதில் மாறணும். அதுதான் இனி நாம படிக்கப்போறது" என்றார்.

கம்பியூட்டர் லாப்பில் இன்டர்நெட் கிடையாது. சேர் கொழும்பிலிருந்து ஒரு சீடியில் மென்பொருள் கொண்டுவந்து எல்லா மெஷினிலும் போட்டிருந்தார். அதனால் ஒவ்வொரு மெஷினும் தன்னையே கேட்டுத் தனக்கே பதில் சொல்லிக்கொள்ளும். வெளி உலகம் தேவையில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

எங்கள் வீடு ஆரையம்பதியில். அப்பா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், நான், மூன்று பேர்தான். அண்ணன் டவுனில் ஒரு கடையில் போன் திருத்துகிற வேலை பார்த்தார். காலையில் சைக்கிளில் போவார், பின்னேரம் வருவார். அன்றைக்குக் கடைக்குக் கிட்டப் போகும்போது நம்பர் இல்லாத வான் ஒன்று வந்து நின்றதாம். இறங்கியவர்கள் தமிழில்தான் பேசினார்களாம். அதற்குமேல் யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததாகச் சொல்லவில்லை.

கடை முதலாளி வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மா உரலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தா.

"எந்தப் பக்கமாப் போனாங்கள்?"

"தெரியா தங்கச்சி. சைக்கிள் ரோட்டில கிடந்திச்சு. எடுத்துக் கடைக்குள்ள வெச்சிருக்கன்."

அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தா. அவர் குடிக்காமல் எழும்பிப் போனார். ஆறிப்போன அந்தத் தேத்தண்ணியை நான்தான் வெளியே ஊற்றினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிறகு வரும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள்களில் அம்மாவும் சித்தியும் பொலிஸ், ஆமிக் காம்ப், அரசாங்க அதிபரின் கச்சேரி என்று அலைந்தார்கள். எல்லா இடத்திலும் இருக்கச் சொன்னார்கள், எழுதினார்கள், அனுப்பினார்கள். நானும் போனேன். பிறகு ஒரு காலையில் அம்மா சொன்னா: "நீ படிக்கப் போ மகள். ரெண்டு பேரும் வாசலில நிண்டா மட்டும் அவன் வந்திருவானா?"

போனேன்.

என்னோடு ஒரே மெஷினில் இருந்தவள் ஏறாவூரிலிருந்து வருகிற பிள்ளை. செய்தி அவளுக்கு முன்னரே போயிருந்தது. அவள் கதிரையை இழுத்துப் போட்டு, "வாகா, இதில இரு. நீ அடி, நான் பாக்கன்" என்று கீபோர்ட்டை என் பக்கம் தள்ளினாள். டேட்டாபேஸை இணைக்கிற வரிகளை அடித்தேன். பக்கத்தைத் திறந்தால் பிழை என்று வந்தது, எந்த வரியில் என்றும் சொன்னது. போய்ப் பார்த்தேன். ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருந்தது. போட்டேன், திறந்தது. அந்த நாள்களில் கேட்ட இடத்தில் எனக்குப் பதில் தந்தது அது ஒன்றுதான்.

சில காலைகளில் ஆமிக்காரர் டவுனிலிருந்து வாவிக்கு மேலால், புலிகள் இருந்த படுவான்கரைப் பக்கம் ஷெல் அடிப்பார்கள். ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். மொனிட்டரில் எழுத்துகள் ஒருமுறை நடுங்கி நிற்கும். சேர் ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் சொல்வார்: "எல்லாரும் சேவ் பண்ணுங்க." கரண்ட் போகலாம் என்பதற்காக. நாங்கள் சேவ் பண்ணுவோம். அக்கரையில் வீடுள்ள பிள்ளைகளும் சேவ் பண்ணுவார்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் கிடைத்த புரொஜெக்ட், கொழும்பு பஸ்ஸுக்கு ஆசனம் பதிகிற பக்கம். பஸ்ஸின் உட்புறம் சின்னச் சின்னப் பச்சைச் சதுரங்களாகத் தெரியவேண்டும். ஒன்றை அழுத்தினால் அது சிவப்பாகி, வேறு யாரும் அதை எடுக்கமுடியாமல் ஆகவேண்டும். ஊர்ப் பெயர்களைத் தமிழில் போட ஆசைப்பட்டோம். மட்டக்களப்பு என்று அடித்து ஏற்றினால், திரும்பி வரும்போது வெறும் கேள்விக்குறிகளாக வந்தது. ஏறாவூர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நம்மட ஊரையே தெரியாதாம்கா இதுக்கு." நானும் சிரித்தேன். என் வாய் சிரிப்பதை வேறு யாரோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாள்கள் மாரடித்து, அட்டவணையின் எழுத்து முறையை மாற்றவேண்டும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

மழை தொடங்கியிருந்த ஒரு பின்னேரம். கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அண்ணன் முன் அறையில் நிலத்தில் சம்மணமிட்டிருந்து சோறு தின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். போட்டிருந்த சேர்ட் அவருடையதல்ல. காலில் செருப்பில்லாமல் நடந்த புண். அம்மா எதிரில் குந்தியிருந்து, அவர் ஒவ்வொரு பிடி அள்ளுவதையும் பார்த்துக்கொண்டிருந்தா.

அவர் தலை நிமிர்ந்து என்னிடம், "வந்திட்டியா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

புத்தகப் பையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். இப்போதாவது வரும் என்று நின்றேன். கண் காய்ந்தே கிடந்தது. அம்மா மட்டும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதா.

எங்கேயோ தூரத்து ரோட்டில் இறக்கிவிட்டார்களாம். யார் வைத்திருந்தார்கள், ஏன் விட்டார்கள் என்று அண்ணன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவர் பிறகு கடைக்குப் போகவில்லை. அம்மா அவரைப் படலைக்கு வெளியே விடவுமில்லை, வீட்டில் தனியாக விடவுமில்லை.

புரொஜெக்ட் காட்டுகிற நாளில் அம்மாவுக்குச் சித்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. "அண்ணனை உன்னோட கூட்டிட்டுப் போ" என்றா. பஸ்ஸில் போனோம். செக்பொயின்டில் இறங்கி நடந்தோம். அண்ணனின் அடையாள அட்டை போயிருந்ததால் கிராம சேவகரின் கடிதத்தைக் காட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வாவியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

லாப்பில் அண்ணன் பின்வரிசையில் இருந்தார். எங்கள் முறை வந்தது. நான் விளக்கினேன், ஏறாவூர்க்காரி அழுத்திக் காட்டினாள். சேர் திரும்பிப் பார்த்து, "தம்பி, நீங்க வாங்க. பழகாத ஆள் பாவிச்சாத்தான் சரி பிழை தெரியும். ஒரு சீற் எடுங்க பாப்பம்" என்றார்.

அண்ணன் வந்து கதிரையில் இருந்தார். மவுஸைப் பிடித்து முன்வரிசையில் ஜன்னலோர ஆசனத்தை அழுத்தினார். சிவப்பானது. எழும்புவார் என்று நினைத்தோம். அவர் பக்கத்து ஆசனத்தையும் அழுத்தினார். பிறகு அதன் பின்னால் இருந்ததை. அவசரமில்லாமல், ஒவ்வொன்றும் சிவப்பாகும்வரை பார்த்திருந்து, அடுத்ததற்குப் போனார். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். கடைசி வரிசையும் முடிந்தபோது, இந்த பஸ்ஸில் இடமில்லை என்று பக்கம் சொன்னது. அந்த வசனத்தை நாங்கள் எழுதித்தான் வைத்திருந்தோம். ஆனால் பஸ்ஸை நிரப்பிப் பார்த்ததே இல்லை.

"வேலை செய்யுது" என்றாள் ஏறாவூர்க்காரி மெல்ல.

சேர் கேட்டார்: "ஏன் தம்பி எல்லாத்தையும் எடுத்தீங்க?"

"அங்க என்னோட இருந்த பொடியன்மாருக்கும் போட்டன் சேர்" என்றார் அண்ணன்.

அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான், அன்றும் பிறகும். சேர் தலையாட்டி, "நல்லா வேலை செய்யுது" என்று எங்களுக்குப் புள்ளி போட்டார்.

அடுத்த குழுவுக்கும் அதே மெஷின்தான். எங்கள் பதிவுகளை அழித்துவிட்டுக் கொடுக்கவேண்டும். அழிப்பதற்கு ஒரு வரிதான். அடித்தேன். பக்கத்தை மறுபடி திறந்தபோது பஸ் முழுக்கப் பச்சையாக இருந்தது. அண்ணன் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு என் தலைமயிரில் பட்டது. எனக்கு நெஞ்சில் ஏதாவது அசையவேண்டும். அசையவில்லை. "போவமா?" என்று கேட்டேன். "போவம்" என்றார்.

நான் பாஸ் பண்ணினேன். டவுனில் ஓர் அலுவலகத்தில் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வலைப்பக்கம் செய்து கொடுக்கிற வேலை கிடைத்தது. இப்போதும் அந்த வேலைதான். ஏறாவூர்க்காரி கலியாணம் முடித்து, தன் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் படிப்பிக்கிறாள். தன்னுடைய பிள்ளைகளின் படங்களை எனக்கு அனுப்புவாள்.

அண்ணன் அடுத்த வருடமே கட்டாருக்குப் போய்விட்டார். ஏசி திருத்துகிற வேலை. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் எடுப்பார். கடைசியில் அம்மா போனை என்னிடம் தருவா. நாங்கள் இரண்டு பேரும் மழை பெய்ததா, மீன் என்ன விலை, அங்கே வெயில் எப்படி என்று கொஞ்ச நேரம் கதைப்போம். பிறகு வைக்கட்டா என்று அவர் கேட்பார், நான் வைப்பேன்.