இரண்டு விரல் இறக்கிய மொறிஸ் மைனர்

காரின் முன் சஸ்பென்ஷன் வேலை என்பது மல்லாந்து படுத்துக்கொண்டே ஏச்சு வாங்குகிற தொழில். முதுகில் கிரீஸும் கண்ணில் துருவுமாகக் காலம் தள்ளுகிற சகபாடிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில், துறைமுகத்து உப்புக்காற்று நேரே வந்து அடிக்கிற இடத்தில் என் கராஜ் இருக்கிறது. அந்தக் காற்று தின்று மிச்சம் வைத்த பழைய கார்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. போன வருடம் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மொறிஸ் மைனர் மட்டும் சோற்றோடு நிறையப் பேச்சும் போட்டது.

வயதுக்கேற்ற ஆசையா?

காரைக் கொண்டுவந்தவர் ஹனிபா நானா. அரிசி ஆலை லொறி ஓட்டி ஓய்ந்தவர், வயது அறுபத்தெட்டு. "பாஸ், காரை ரெண்டு விரல் பதிச்சுத் தாங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. காரைத் தரையோடு தரையாகப் பதித்துக்கொண்டு கடற்கரை வீதியில் சுற்றுவது விடலைகளின் வேலை. "பேரப்பிள்ளை கண்ட வயசில உங்களுக்கு ஏன் நானா இந்த ஸ்டைல்? வடிவா நிக்கிற காரைப் பதிச்சுப்போட்டு, நாளைக்குக் கல்லில இடிச்சு என்னட்டத்தானே வருவீங்கள்!" என்று பொரிந்து தள்ளினேன். அவர் முன்கதவைத் திறந்தார்.

உள்ளே அவர் மனைவி றஹீமா ரீச்சர் இருந்தார். கணிதம் படிப்பித்தவர். ஒன்பது வருடத்துக்கு முன் கிணற்றடியில் விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்டதிலிருந்து இரண்டு காலும் இயங்குவதில்லை. அவருடைய சக்கரக் கதிரையை விடக் காரின் இருக்கை இரண்டு விரல் உயரம். இரண்டும் சமமாக இருந்தால் நடுவில் ஒரு பலகையைப் போட்டு, கையை ஊன்றித் தானாகவே சறுக்கி ஏறிவிடுவாராம். கதிரையில் தலையணை வைத்துப் பார்த்தார்களாம், அது வழுக்கியதாம். ரீச்சர் சொன்னார்: "ஆஸ்பத்திரி வாசல்லயும் கலியாண வீட்டிலயும் ஆக்கள் பாக்க மனுசன் என்னைத் தூக்கி வைக்கிறார், தம்பி. அவர்ட முதுகும் போகுது, என்ட மானமும் போகுது. இதுக்குப் பேர் ஸ்டைல் எண்டா, ஓம், எனக்கு ஸ்டைல்தான் வேணும்."

ஆறாம் வகுப்புக் கணக்கு

இந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் வில் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளமான இரும்புக் கம்பிகள் முறுகி நின்றுதான் பாரத்தைத் தாங்குகின்றன. கம்பியின் முனையில் பற்கள் உண்டு. ஒரு பல் தள்ளிப் பூட்டினால் கார் இறங்கும், மிச்சத்தை அங்கே இங்கே நகர்த்திச் சரிக்கட்டலாம். நானும் அப்படியே செய்து, சரியாக இரண்டு விரல் இறக்கி, வெற்றிச் சிரிப்போடு அவர்களை அழைத்தேன்.

ரீச்சர் கதிரையைக் காருக்குப் பக்கத்தில் உருட்டி வந்து பலகையை வைத்தார். இன்னும் ஒரு விரல் மேடாக நின்றது. நான் தோற்பேனா? "கதிரைச் சில்லில காத்துக் குறைவோ, ரீச்சர்?" என்று கேட்டேன். ரீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்த பார்வையில் பள்ளிக்கூடத்தில் வாங்கில் ஏறி நின்ற ஞாபகம் வந்தது. "காத்தெல்லாம் நல்லா இரிக்கி. நீங்க இறக்கினது மூக்கை, நான் இருக்கிறது நடுவில. மூக்கு ரெண்டு இறங்கினா நடு ஒண்டுதான் இறங்கும். ஆறாம் வகுப்புக் கணக்கு, தம்பி."

அரிசி மூட்டை

பின்பக்கத்தையும் இரண்டு விரல் இறக்கினேன். அது லேசான வேலை. ரீச்சரை ஏற்றுமுன் ஓட்டிப் பார்ப்போம் என்று, அவர் இடத்தில் ஓர் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு நானாவும் நானும் கிண்ணியாப் பாலம் வரை போனோம். முதல் வேகத்தடையிலேயே முன்பக்கம் டமார் என்று முட்டியது. துள்ளலைத் தாங்குகிற பழைய ஷொக்கின் கை, கார் இறங்கியதால் மேலே போக இடமில்லாமல் இடித்துக்கொண்டிருந்தது. மூட்டை துள்ளி நானாவின் மடியில் சாய்ந்தது. அதைத் தூக்கி நிறுத்திவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "ஏறுறது தனியா ஏறுவா, பாஸ். இறங்குறது ஆஸ்பத்திரியிலதான்."

வடிவு பார்த்த வினை

முள்ளந்தண்டு அடிபட்ட மனிசிக்கு ஒரு துள்ளலும் ஆகாது. பழைய ஷொக்குகளைக் கழற்றிவிட்டு, சின்ன வான் ஒன்றின் குழாய் மாதிரியான நேர் ஷொக்குகளைப் பூட்டத் தீர்மானித்தேன். அதற்கான பிடிகளைக் கடைந்து தந்தவர் பக்கத்து லேத் பட்டறைத் தோமஸ் அண்ணை. கையோடு கம்பிகள் இரண்டையும் கழற்றித் துருத் தட்டினோம். எது வலது, எது இடது என்று நான் சோக்குக் கட்டியால் அடையாளம் போட்டிருந்தேன். ரீச்சரின் கார் என்ற மரியாதையில் தோமஸ் அண்ணை இரண்டுக்கும் பளபளவென்று கறுப்புப் பெயின்ற் அடித்துவிட்டார், என் சோக்குக்கு மேலால்.

அறுபது வருடம் ஒரு பக்கமாக முறுகிப் பழகிய கம்பி மறுபக்கம் முறுகச் சம்மதிக்காது. இது தெரிந்த நானே, இதுதான் வலது என்று குத்துமதிப்பாகப் பூட்டினேன். கம்பிகள் பக்கம் மாறிப்போய், மறுநாள் காலையில் கார் மூக்கால் தரையை மோந்துகொண்டு கிடந்தது. கொண்டுபோகலாம் என்று வந்த நானா காரைக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் மேலேயே வந்த கோபத்தையெல்லாம் தோமஸ் அண்ணையிடம் கொட்டினேன். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "பெயின்ற் அடிச்சது நான்தான், ஓம். ஆனா ஆர் கண்டது, கம்பிக்கும் சோத்துக்கை பீச்சாங்கை இருக்கெண்டு?"

பலகை

கம்பிகளை மாற்றிப் பூட்டி, இரண்டு நாள் நிற்கவிட்டு, அரிசி மூட்டையோடு மூன்று தரம் பாலம் போய்வந்த பிறகுதான் ரீச்சரை வரச் சொன்னேன். எதிரே தேத்தண்ணிக் கடையில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ரீச்சர் பலகையை வைத்தார். கதிரையும் இருக்கையும் ஒரே மட்டம். கையை ஊன்றினார், ஒருமுறை, இரண்டுமுறை, உள்ளே போய்விட்டார். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைத்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

நானா மட்டும் பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றார். "என்ன பாக்குறீங்க? கதிரையை மடிச்சுப் பின்னால வைங்க. ஓட்டுறதையும் நானே செய்யணுமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் கதிரையை மடித்து வைத்தார். பிறகு என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், மனைவிக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நல்ல வேலை செஞ்சீங்க, பாஸ். ஆனா ஒண்டு. நான் தூக்குற நேரம் மட்டும்தான் அவ என்ட கழுத்தைக் கட்டிப் புடிக்கிறவ."

எந்தக் காரையும் எத்தனை விரல் வேண்டுமானாலும் இறக்கித் தருவேன், ஆனால் புருஷனுக்கும் பெஞ்சாதிக்கும் ஒரே அளவில் பொருந்துகிற ஸ்பேனர் இன்னும் என் பெட்டியில் இல்லை.